ஞாயிறு மாலையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர் அவர்களுக்கும், அருங்காட்சியகத் துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஒரு சென்னைக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரு வாரத் துணி துவைக்கக் கிடக்கும். கறிக்கடையில் வரிசை. மீன் வேண்டும் என்றால் விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்க மணி இரண்டைத் தாண்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகளோடு வெளியே தலைகாட்ட முடியாது. கடல்காற்று ஊருக்குள் வந்து உடம்பு கொஞ்சம் ஆறும்போது நாலரை ஆகியிருக்கும். "எங்கேயாவது போலாம்ப்பா" என்று பிள்ளைகள் கேட்பது அப்போதுதான்.

இனி அந்த நாலரை மணிக்கு எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 5 மணிக்கு மூடுகிறது. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகமும் அப்படியே. வண்டலூர் பூங்காவுக்கும் 5 மணிதான் எல்லை, அங்கே போய்ச் சேரவே எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். நாங்கள் இருப்பது வியாசர்பாடிப் பக்கம். வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான்: பட்டறை, ஏற்றுமதித் துணி கம்பெனி, குடோன், வீட்டு வேலை. எங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஒன்பது வரை. அந்த நாலரை மணி நேரத்தில்தான் அரசு நடத்தும் நல்ல இடங்கள் பூட்டிக்கிடக்கின்றன.

மிச்சம் இருப்பவை மூன்று. கோயில், கடற்கரை, மால்.

கோயிலைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றும் இல்லை, அது அதன் வழியில் நடக்கிறது. கடற்கரையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1884ல் கவர்னர் கிராண்ட் டஃப் மெரினாவில் நடைபாதை போட்ட நாளிலிருந்து இன்றுவரை இந்த நகரம் தன் மக்கள் எல்லோருக்கும் காசு கேட்காமல் தருகிற இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் தெருப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாங்களாகவே மெரினாவுக்குப் போய் வருகிறார்கள். முன்பெல்லாம் வீட்டு ஆண்கள் கூட்டிப்போனால்தான் உண்டு. ஒரு பொட்டலம் சுண்டல், ரெண்டு மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது, ராட்டினம், அலையில் கால் நனைப்பது. இருநூறு ரூபாயில் ஒரு குடும்பம் சந்தோஷமாக வீடு திரும்பலாம். இதற்கு ஈடாக வேறொன்று இந்த ஊரில் இல்லை.

ஆனால் ஒரே ஒரு கடற்கரை எத்தனை பேரைத் தாங்கும்? காணும் பொங்கல் அன்று பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று போலீஸார் அவர்கள் கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஏன் இத்தனை பேரும் ஒரே மணலில் வந்து நிற்கிறார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். போவதற்கு வேறு இடம் இல்லை.

மால்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. குளுகுளு என்று இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, இரவு பத்து மணி வரைக்கும் விளக்கு எரிகிறது, பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். இவ்வளவும் பொது இடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு கூட்டம் அங்கே போயிருக்காது. அங்கே சும்மா சுற்றி வரலாம்தான். ஆனால் பிள்ளைகளோடு சும்மா சுற்றுவது நடக்கிற காரியமா? ஒரு விளையாட்டுக்கு ஒரு அட்டை, ஒரு ஐஸ்கிரீமுக்கு ஒரு நாள் சம்பளத்தில் பாதி. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாலை கழிந்தால் அதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது? 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகாக இருக்கிறது, மாலையிலும் திறந்திருக்கிறது. ஆனால் திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், பிள்ளைகளுக்கு 50. நாலு பேர் உள்ள குடும்பம் வாசலைத் தாண்டவே 300 ரூபாய்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். காசு அதிகம் வாங்காத அரசு இடங்களை ஞாயிறு மாலையில் திறந்து வையுங்கள்.

எழும்பூரிலிருந்தே தொடங்கலாம். அங்கே என்னதான் இல்லை? சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்கள் இருக்கின்றன. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லுவது புரியும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத எங்கள் பாட்டி அந்த ரெண்டு காலேஜுக்கும் போயிருக்கிறார். பொங்கல் சமயத்தில் குடும்பத்தோடு மாட்டுவண்டியிலும் டிராமிலும் வந்து பார்த்த தலைமுறை அது. அதே பாட்டியின் கொள்ளுப்பேரன் வியாசர்பாடியில் இருந்துகொண்டு பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான்.

1851ல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். உயிருள்ள விலங்குகள் இருந்தால் சனங்கள் திரண்டு வருகிறார்கள் என்று கண்டுகொண்டு, 1855ல் அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே ஒரு மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தவர் அவர். வண்டலூர் பூங்காவுக்கு வேர் அதுதான். பொருட்களைக் காப்பாற்றி வைப்பதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை, மக்கள் வரவேண்டும் என்று நினைத்தார். அதே காலத்தில், 1857ல் லண்டனில் திறந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் எரிவாயு விளக்கு பொருத்தி மாலையிலும் திறந்திருந்தது. பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளி வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். இன்றைக்கும் அந்த அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. கேஸ் விளக்குக் காலத்திலேயே முடிந்த காரியம் இப்போது நமக்கு முடியாதா?

கூடுதல் வேலைநேரம் வேண்டாம் என்றால் நேரத்தை நகர்த்தினால் போதும். காலை 9.30 முதல் மாலை 5 வரை என்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகல் 12.30 முதல் இரவு 8 வரை என்று மாற்றுங்கள். அதே ஏழரை மணி நேரம். ஊழியர்களுக்குக் காலையில் வீட்டு வேலை பார்க்கவும் நேரம் கிடைக்கும். எல்லாக் கட்டடங்களும் திறக்க வேண்டியதில்லை. செப்புத் திருமேனிக் கூடமும், விலங்கியல் பகுதியும், சிறுவர் அருங்காட்சியகமும் திறந்தால்கூடப் போதும். இரவுப் பணியில் இருக்கும் பெண் ஊழியர்கள் வீடு போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை, எங்கள் சந்தோஷத்துக்காக இன்னொரு வீட்டுப் பெண் நடுரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது நியாயம் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அரசு ஆணை இருக்கிறது. அதில் ஊழியர் பாதுகாப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. அப்படியானால் ராத்திரி பொருள் வாங்குவதற்கு இந்த நகரம் பாதுகாப்பானது என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. சோழர் கால நடராசரைப் பார்ப்பதற்கு மட்டும் ஏன் 5 மணி?

மாலையில் திறந்தால் யார் வரப்போகிறார்கள் என்று சில அதிகாரிகள் கேட்கலாம். தீவுத்திடலில் ஆண்டுதோறும் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியைப் பாருங்கள். மாலையில் நடப்பதால்தான் வேலை முடித்த குடும்பங்கள் அங்கே குவிகின்றன. அரசுத் துறைகளின் அரங்குகளைக்கூட வரிசையில் நின்று பார்த்துவிட்டு, டெல்லி அப்பளம் தின்றுவிட்டுப் போகிறார்கள். 1977ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியிலும் கூட்டம் ஏறுவது சாயங்காலம்தான். இன்னும் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் ஒரு கூட்டம் நடந்து போகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட்ட இடத்தைத் தேடி எடுத்துப் பாதுகாப்பாக வைக்க, 1988 முதல் மாணவர்கள் நடத்தும் நடை அது. பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நள்ளிரவில், விளக்கில்லாத மணலில், ஒரு ஆமையைப் பார்ப்போமா மாட்டோமா என்று தெரியாமலே இந்த ஊர் சனங்கள் நடக்கிறார்கள். எழும்பூரில் விளக்கு எரிந்தால் வரமாட்டார்களா?

அப்புறம் பூங்காக்கள். இது முழுக்க மாநகராட்சியின் கையில் இருக்கிற விஷயம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2007 பொங்கலில் 'சென்னை சங்கமம்' முதன்முதலாக நடந்தபோது, பூங்காவிலும் தெருவிலும் கடற்கரையிலும் பறையும் ஒயிலாட்டமும் கரகமும் தெருக்கூத்தும் நடந்தன. டிக்கெட் கிடையாது. நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தப்பாட்டத்தை முதன்முதலில் கிட்டத்தில் நின்று பார்த்தது அப்போதுதான். நடுவில் சில வருடங்கள் நின்றுபோய், 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்று திரும்பி வந்தது. அந்த மாலைகளில் நகரமே வேறு மாதிரி இருந்தது. தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினார்கள். சாப்பாட்டுக் கடைகளில் பேச்சுக் கொடுத்தார்கள். இது ஏன் பொங்கல் சமயத்தில் மட்டும்? வருடத்தில் மீதி ஐம்பது ஞாயிறுகள் என்ன ஆவது?

பெரிய மேடை, பெரிய விளக்கு, தொலைக்காட்சி கேமரா எதுவும் வேண்டாம். ஒரு மண்டலத்துக்கு ஒரு பூங்கா. மாதத்தில் ஒரு ஞாயிறு. மாலை 6 முதல் 8 வரை. சென்னையில் 15 மண்டலங்கள் இருக்கின்றன, 15 பூங்காக்கள் போதும். ஒரு மாதம் வெளியூர்க் கலைஞர்கள், ஒரு மாதம் அந்தப் பகுதிப் பிள்ளைகள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பிள்ளைகள் பாடும் கச்சேரி ஆண்டுக்கணக்காக நடக்கிறது. ஒரு சின்ன இடம், நாலு நாற்காலி, காலாற நடக்க வந்தவர்கள் நின்று கேட்கிறார்கள். நடத்துவது தனியார் நிறுவனம். அந்த அளவு போதும். அது மயிலாப்பூரில் முடியுமானால் கொருக்குப்பேட்டையிலும் முடியும்.

வடசென்னையைப் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வார இறுதியில் சென்னையில் என்ன நடக்கிறது என்று யார் பட்டியல் போட்டாலும் அது அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று தெற்கே போய்க்கொண்டே இருக்கும். வண்டியில்லாத ஒரு பொது வீதி எப்படி இருக்கும் என்று 2014ல் ஞாயிறு காலைகளில் செய்து பார்த்தது பெசன்ட் நகரில். 2019ல் நடப்பவர்களுக்காக அகலமான நடைபாதை போட்டது தி.நகர் பாண்டி பஜாரில். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லாமலா இருக்கிறது? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் கிளம்பிய ராயபுரம் நிலையம் இங்கே. 1949ல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா இங்கே. வியாசர்பாடி மைதானங்களில் எந்த ஞாயிறு வந்து பார்த்தாலும் பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். தெருவுக்குத் தெரு கேரம் போர்டு, குத்துச்சண்டை, சிலம்பம், கானா. பாடவும் ஆடவும் ஆள் உண்டு, உட்கார்ந்து பார்க்கத்தான் இடம் இல்லை. ராபின்சன் பூங்காவில் மாதம் ஒரு மாலை கானாவும் பறையும் நடந்தால், எங்களைப் பார்க்க அடையாறிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இதுவரை நாங்கள்தான் அங்கே போயிருக்கிறோம்.

கடைத் தொழிலாளர்களை நான் மறக்கவில்லை. தி.நகரில் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு இடுப்பொடியும் நாள். 2021ல் அவர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. அவர்களுடைய வார விடுமுறை வேறு ஏதோ ஒரு கிழமையில் வரும். வார நாளில் ஒரு மாலையும் சேர்த்துத் திறக்க முடிந்தால் அவர்களுக்கும் உதவும். முதலில் ஞாயிறு நடக்கட்டும்.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில்கள் குறைகின்றன, மாநகர பஸ்களும் குறைகின்றன. அலுவலகம் போகிறவர்களைக் கணக்கில் வைத்துப் போட்ட அட்டவணை அது. ஞாயிறு காலை குறைத்துக்கொள்ளுங்கள், மாலை 4 முதல் 10 வரை குறைக்காதீர்கள். ரயில்வே உங்கள் கையில் இல்லை என்பது தெரியும், பஸ் அரசின் கையில்தான் இருக்கிறது. தூங்கிவிழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணா சதுக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்ற ஒரு தாய் அடுத்த ஞாயிறு வீட்டை விட்டு இறங்க மாட்டாள். அதோடு கழிப்பறை. கடற்கரையிலும் பூங்காவிலும் இரவு 9 மணி வரை தண்ணீரோடும் விளக்கோடும் இருக்க வேண்டும். பெண்கள் வெளியே வருவதற்குத் தடையாக இருப்பது பல நேரம் இது ஒன்றுதான், வெளியே சொல்லமாட்டார்கள்.

எங்கே என்ன நடக்கிறது என்ற செய்தியும் எங்களுக்கு வந்து சேர்வதில்லை. சுவரொட்டி ஒட்டுங்கள், தமிழில், பெரிய எழுத்தில். ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், வார்டு அலுவலகம், அம்மா உணவகம், பள்ளி வாசல். 'இந்த ஞாயிறு மாலை' என்று போட்டு இடம், நேரம், கட்டணம் இல்லை என்ற மூன்று விவரமும், எந்த பஸ்ஸில் வரலாம் என்பதும் இருந்தால் போதும். மகாபலிபுரம் போகும் வழியில் தட்சிணசித்ரா இருக்கிறது, சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் என்ன பயன்?

உங்களால் முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். மெரினாவில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக 2022 நவம்பரில் மரப்பாதை போட்டீர்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடல் தண்ணீரைத் தொட்டேன் என்று அழுதவர்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தோம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. விட்டுவிடாமல் சரிசெய்து திரும்பத் திறந்தீர்கள். கடற்கரை எல்லோருக்குமானது என்று வாயால் சொல்லாமல் பலகை அடித்துச் செய்து காட்டிய வேலை அது. அதே மனசோடு இதையும் பாருங்கள்.

அருங்காட்சியகம் ஒரு துறை, பூங்கா ஒரு துறை, பஸ் ஒரு துறை என்று கோப்பு சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இந்தக் கோடை விடுமுறையில், மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எழும்பூர் அருங்காட்சியகத்தை இரவு 8 மணி வரையும், ராபின்சன் பூங்காவில் ஒரு நிகழ்ச்சியையும் சோதனையாக வைத்துப் பாருங்கள். வந்தவர்களை எண்ணுங்கள். எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.

அறிவிப்பு வந்ததும் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். சுவரொட்டி தந்தால் பிள்ளைகளே ஒட்டிவிடுவார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றால் எங்கள் மைதானத்துக் கால்பந்துப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள், நான் கேட்டுவிட்டேன்.

நன்றி.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து, ஆறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் அப்பா